மச்சாள் கேட்ட இருக்கை

ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து, இந்த நினைவு மலரை வாங்கி, முதற்பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். படத்தில் மச்சாள் சிரிக்கவில்லையே என்று அச்சுக்குக் கொடுக்கும் முன்பே இரண்டு மூன்று பேர் குறைப்பட்டார்கள். சிரிக்கும் படங்கள் எங்களிடம் நிறைய உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முகம் முழுவதும் பல்லாகச் சிரிக்கிறார். கோயிலில் கொடுக்கும் புத்தகத்தில் இப்படியான படம் போடலாமோ என்று அம்மா யோசித்தார். கடைசியில், தொழிற்சாலை அடையாள அட்டைக்கு எடுத்தது போன்ற ஒரு படம் தெரிவாகியது. மச்சாள் இருந்திருந்தால் எங்கள் எல்லாரையும் ஏசியிருப்பார்.

அவர் எனக்கு மச்சாள். நான் அவருக்கு மச்சாள். அண்ணன் மனைவிக்கும் கணவனின் தங்கைக்கும் எங்கள் வழக்கில் ஒரே சொல்தான். தொலைபேசியில் நான் "மச்சாள்" என்றால் அந்தப் பக்கத்திலிருந்தும் "மச்சாள்" என்று வரும். திருமணமான புதிதில் அது அவருக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. இந்த ஒரு வருடமாக அப்படிக் கூப்பிட எனக்கு ஆளில்லை.

மச்சாள் பிறந்தது ஹெயிட்டி நாட்டின் தெற்குக் கரையிலுள்ள ஜாக்மெல் என்ற ஊரில். சிறு வயதிலேயே பெற்றோருடன் கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்து, நகரின் வடக்குப் பக்கத்தில் வளர்ந்தார். தகப்பனார் பேக்கரியில் வேலை செய்தார். தாயார் முதியோர் இல்லத்தில் வயோதிபர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் வேலை செய்தார். நல்ல உயரமான பிள்ளை என்பதால் பள்ளிக்கூடத்தில் மச்சாளை ஓடவும் கூடைப்பந்து விளையாடவும் விட்டார்கள். கறுப்பினப் பிள்ளை வேறு எதில்தான் கெட்டிக்காரியாக இருப்பாள் என்று ஆசிரியர்களே முடிவுகட்டி வைத்திருந்தார்கள். மச்சாளுக்கோ ஓட்டம் பிடிக்காது. வேர்வை கண்ணுக்குள் போகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

ஒரு கோடை விடுமுறையில் நோத்ர் டாம் தீவில் ஐஸ்கிரீம் விற்கும் வேலை கிடைத்தது. அந்தத் தீவில் படகோட்டப் போட்டிகளுக்கென்று வெட்டிய நீண்ட, நேரான நீர்த்தடம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நாங்கள் அதன் கரையில் இறைச்சி வாட்டியிருக்கிறோம். அங்கேதான் மச்சாள் முதன்முதலில் எட்டுப் பேர் வலிக்கும் பந்தயப் படகைக் கண்டார். அத்தனை பேரும் ஒரு சொல் பேசாமல், ஒரே மூச்சில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டு போனார்களாம். கையிலிருந்த ஐஸ்கிரீம் முழங்கை வரை உருகி வழிந்தது தனக்குத் தெரியவில்லை என்று சொல்வார்.

அடுத்த கிழமை அவர் அந்தக் கழகத்தின் வாசலுக்குப் போனார். கதவடியில் நின்ற பெண்மணி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுத்தம் செய்ய வருகிறவர்களுக்கு வாசல் பின்பக்கம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். இந்தக் கதையை மச்சாள் அந்தப் பெண்மணியின் குரலிலேயே நடித்துக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒரே ஒருமுறை மட்டும், சிரித்து முடித்த பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்.

"நான் பின்வாசலாலைதான் உள்ளுக்குப் போனனான், மச்சாள். எனக்குப் படகு ஓட்ட வேணும் எண்டு அவவுக்குச் சொல்ல அண்டைக்கு வாய் வரேல்லை."

எப்படியோ உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அவரை வெளியே அனுப்ப யாராலும் முடியவில்லை. படகில் ஏற முன்னர் எல்லாரும் நீந்திக் காட்ட வேண்டும். மற்றப் பெண்களிடம் பெயரை மட்டும் கேட்ட பயிற்சியாளர், மச்சாளிடம் மட்டும் உண்மையாகவே நீந்தத் தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மிதவைச் சட்டையையும் கையில் கொடுத்தார். ஜாக்மெல் கடலில் தகப்பனாரின் தோளிலிருந்து குதித்து விளையாடிய பிள்ளை, சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லாருக்கும் முன்னதாகக் கரையேறினார். அதற்குக் கிடைத்த பாராட்டு, "உனக்கு இயற்கையிலேயே பலம்" என்பதுதான். மற்றப் பெண்கள் நன்றாகச் செய்தால், கடுமையாக உழைத்தார்கள் என்று சொல்வார்களாம். மச்சாள் நன்றாகச் செய்தால் அது இயற்கை. விடியற்காலை இருட்டில் இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் பிடித்து வருகிறவருக்கு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஓர் இருக்கையைப் பற்றி. அதனால் அந்தப் படகைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எட்டுப் பேரும் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவருக்குப் பின் ஒருவராக இருப்பார்கள். படகின் பின்கோடியில் சுக்கான் பிடிப்பவர் மட்டும் அவர்களைப் பார்த்தபடி, போகும் வழியையும் பார்த்தபடி இருப்பார். அவருடைய முகத்துக்கு நேரே இருக்கிறவர்தான் தாளம் வைப்பவர். அவர் துடுப்பைப் போடும்போதுதான் மற்ற ஏழு பேரும் போட வேண்டும். அவர் அவசரப்பட்டால் எல்லாருக்கும் மூச்சு வாங்கும். அவர் தடுமாறினால் படகே தடுமாறும். நடுவில் இருப்பவர்களுக்கு வேலை வேறு. அவர்கள் தாளத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, உள்ள பலத்தை எல்லாம் கொடுத்து வலித்தால் போதும்.

மச்சாளை முதல் நாளிலிருந்தே நடுவில் இருத்தினார்கள். பயிற்சியாளர்கள் மாறினார்கள், படகுகள் மாறின, மச்சாளின் இடம் மாறவில்லை. "நீதான் எங்கள் மோட்டார்" என்று ஒருவர் பின் ஒருவராக அவரிடம் சொன்னார்கள். அவர்கள் அதைப் புகழ்ச்சி என்றுதான் நினைத்தார்கள்.

"மோட்டாரிட்டை ஆர் மச்சாள் அபிப்பிராயம் கேக்கிறது?" என்பார் அவர்.

அண்ணனும் அவரும் சந்தித்தது சென்ட் லோரன்டில், விமானத்துக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில். அண்ணன் வெட்டிக் கடைந்து அனுப்பும் பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் மச்சாள் இருந்தார். அண்ணனுடைய வேலையில் பிழை இருந்தால் திருப்பி அனுப்புவார். அடிக்கடி திருப்பி அனுப்பினாராம். அண்ணன் அதை நேரில் போய் விசாரிக்கத் தொடங்கினார். எங்கள் அண்ணன் வேலையில் அவ்வளவு பிழை விடுகிற ஆளில்லை என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்து வைக்கிறேன்.

வீட்டில் விசயத்தைச் சொன்னபோது, பெண் கத்தோலிக்கரோ என்பதை அம்மா எங்கள் ஊர்ச் சொல்லில் ஒரே கேள்வியாகக் கேட்டார்.

"வேதமோ?"

"ஓம் அம்மா. எங்களை விட வேதம். ஞாயிறிலை ரெண்டு பூசை காணுறவை," என்றார் அண்ணன்.

அம்மாவுக்கு அதற்கு மேல் வாயைத் திறக்க வழியில்லாமல் போயிற்று. ஆனால் அவர் முகம் திறக்கவில்லை. உறவினர் சிலர் வாய் திறந்தார்கள். எங்கள் ஆட்கள் கறுப்பினத்தவரைக் குறிக்கச் சொல்லும் அந்தச் சொல்லை இந்த மலரில் எழுத நான் விரும்பவில்லை. அதைச் சொன்ன பலர் பின்னர் மச்சாளின் கையால் கடலை வடை வாங்கித் தின்றவர்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலடியில் நின்று அழுதவர்கள். அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், மச்சாளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

திருமணம் எங்கள் பாடகர் குழுவும் அவர்களுடைய பாடகர் குழுவும் போட்டிபோட்டுப் பாட, கோயில் கூரை அதிர நடந்தது. சில காலம் சென்ட் லோரன்டில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, பிறகு கர்க்லாண்டில் வீடு வாங்கினார்கள். அம்மாவும் அவர்களோடு போய்விட்டார். அவர்களுடைய மகள் நயோமி பிறந்தாள். அம்மாவும் மச்சாளும் ஒரே குசினியில் நின்று, ஒருவர் தமிழைப் பிழையாகவும் மற்றவர் பிரெஞ்சைப் பிழையாகவும் பேசிப் பேசி, கடைசியில் மச்சாள் எங்கள் ஊர் மன்னார்த் தமிழ் பேசத் தொடங்கினார். அம்மாவுக்குப் பிரெஞ்சு இன்றுவரை வரவில்லை.

அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். சண்டைக் காலத்தில் எங்களை மன்னார்க் கரையில் வள்ளத்தில் ஏற்றி, இரவோடிரவாக இராமேஸ்வரம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்டவருக்கு, விடிகாலையில் சம்பளமும் இல்லாமல் தண்ணீரில் போய் உடம்பை முறித்துக்கொண்டு வரும் மருமகள் வாய்த்தார். படகோட்டும் படம் ஒன்றை மச்சாள் காட்டியபோது அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, எல்லாரும் மாறி இருக்கிறியள். போற பக்கம் பாக்காமல் ஆர் வள்ளம் ஓட்டுவான்?"

போட்டி ஒன்றைப் பார்க்க முதன்முதலாக நாங்கள் குடும்பத்தோடு போன நாள் மறக்க முடியாதது. தறப்பாள், மடக்குக் கதிரைகள், சோற்றுப் பார்சல்கள், இடியப்பம், தேத்தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாவற்றோடும் போய் இறங்கினோம். கரையில் நின்ற மற்றவர்கள் ஆளுக்கொரு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். படகுகள் தூரத்தில் வரும்போது, "மச்சாளைக் கண்டுபிடிக்கிறது லேசு, பாருங்கோ, நடுவிலை!" என்று நான் கத்தினேன். அங்கிருந்த அத்தனை படகுகளிலும் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர்.

வீடு திரும்பும்போது நான் அதை மச்சாளிடமே சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஓம், எல்லாருக்கும் லேசுதான். நான் ஒரு பிழை விட்டாலும் கரையிலை நிக்கிற அவ்வளவு பேரும் என்னைத்தான் கண்டுபிடிப்பினம். மற்றவை பிழை விட்டால் அது படகிலை கரைஞ்சு போகும்."

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. போட்டிக்கு முன்னர் படகுகளைத் தாங்கிகளில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அம்மா ஒருவருக்கும் சொல்லாமல், மடுமாதா கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தப் போத்தலோடு மெல்லப் போய், வெள்ளைப் படகு ஒன்றுக்கு முன்னுச்சியிலிருந்து பின்னுச்சி வரை தெளித்து, "அருள் நிறைந்த மரியே"யும் சொல்லி முடித்துவிட்டார். எங்கள் ஊரில் புது வள்ளத்தைச் சுவாமியார் மந்திரிக்காமல் கடலில் இறக்கமாட்டார்கள், அந்தப் பழக்கம். ஒரு பெண் ஓடிவந்து "மடாம், மடாம்" என்றிருக்கிறாள். அம்மா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நன்றியாக "மெர்சி, மெர்சி" என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். அது எதிரணியின் படகு. அதுதான் முதலாவதாக வந்தது.

உண்மை தெரிந்ததும் அம்மா தீர்த்தப் போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். மச்சாள்தான் சிரிப்பில் கண்ணீர் வழிய, "மாமி, வேலை செய்யுது மாமி! அடுத்த முறை எங்கடை படகைக் காட்டுறன்," என்றார். அம்மாவும் சிரித்துவிட்டார். மாமியும் மருமகளும் உண்மையாக ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆண்டுகள் போயின. கழகத்தில் மச்சாள் மூத்தவர்களில் ஒருவரானார். நயோமி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு பருவத்தின் தொடக்கத்தில், அவர் முதன்முறையாக வாய்விட்டுக் கேட்டார். தாளம் வைக்கும் இருக்கையில் ஒரு பருவமாவது இருந்து பார்க்க விடுங்கள் என்று. பயிற்சியாளர் யோசிக்கக்கூட இல்லை. நீ அங்கே போனால் மோட்டாரை எங்கே தேடுவது என்று சிரித்தார். அந்த இருக்கை, கழகத்துக்கு வந்து அதிக நாளாகாத ஓர் இளம்பெண்ணுக்குப் போனது. நல்ல பிள்ளை என்றுதான் மச்சாள் அவளைப் பற்றிச் சொன்னார்.

அன்று மடுமாதா திருநாளுக்காக அண்ணனின் கர்க்லாண்டு வீட்டில் சமையல். நானும் வந்திருந்தேன். மச்சாள் கழகத்திலிருந்து வந்து கையைக் கழுவியதும், அடுப்படியிலிருந்த யாரோ, "மச்சாளைக் கூப்பிடுங்கோ, பெரிய சட்டியை அவ ஒருத்தியே இறக்குவா," என்றார்கள். அவர் வந்து இறக்கினார். இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இஞ்சையும் எனக்கு நடு இடம்தானோ?"

ஒருவருக்கும் விளங்கவில்லை. அம்மா என்ன என்று கேட்டார். மச்சாள் எட்டுக் கரண்டிகளை மேசையில் வரிசையாக அடுக்கி, யார் எங்கே இருப்பது, யார் தாளம் வைப்பது, தன்னை எங்கே இருத்துகிறார்கள் என்பதை எல்லாம் காட்டினார். அன்று கேட்டதையும் கிடைத்த பதிலையும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தன்னுடைய கரண்டியை மட்டும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

அம்மா கரண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது செபமாலை தொடங்கிற மாதிரி. தொடங்கிறவள் அவசரமாச் சொன்னால் மற்றவைக்கு மூச்சு முட்டும்."

"அதுதான் மாமி. அதேதான்."

"உனக்கு ஏன் தரேல்லை?"

"நான் பலமானவளாம்."

"பலம் இருந்தால் தொடங்கேலாதோ? ஆர் சொன்னது?" என்றார் அம்மா. பிறகு அவருடைய கண் அடுப்படியில் இறக்கி வைத்திருந்த சட்டிக்குப் போனது. முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டார்.

"டேய், உனக்குக் கையில்லையோ? இந்த வீட்டிலை இனி நீ தூக்கு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெரிய சட்டி தூக்குவது அண்ணன்தான். கறியில் உப்புப் புளி பார்த்து, இனிப் பரிமாறலாம் என்று சொல்லும் பொறுப்பை அம்மா மச்சாளிடம் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் அது என்ன பதவி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மச்சாள் கழகத்தோடு சண்டைபோடவில்லை. அங்கேயே இருந்துகொண்டு, தான் வளர்ந்த பகுதியிலிருந்து பெண்களைச் சேர்த்தார். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். ஹெயிட்டி, செனகல், கமரூன் நாட்டுப் பெற்றோரின் பிள்ளைகள். புரோசார்டிலிருந்து எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியும் வந்து சேர்ந்தாள். ஒதுக்கிப் போட்டிருந்த பழைய படகு ஒன்றையும், வேறு யாரும் கேட்காத விடிகாலை நேரத்தையும் கழகத்திடம் கேட்டு வாங்கினார். முதற் குளிர்காலம் முழுவதும் படகில் ஏற்றாமல், நகரசபை நீச்சல் தடாகத்தில் நீந்தக் கற்றுக்கொடுத்தார். நீந்தத் தெரியாதவர் கரையில் நின்றுகூட உதவக் கூடாது என்பது சட்டம். அதனால், கடற்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாத எங்கள் அண்ணன், தலை நரைக்கத் தொடங்கிய வயதில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே பலகையைப் பிடித்துக்கொண்டு காலடித்துப் பழகினார். அந்தப் படத்தை இந்த மலரில் போட அண்ணன் அனுமதி தரவில்லை.

மச்சாளின் படகில் எவருக்கும் நிரந்தர இடம் கிடையாது. கிழமைக்குக் கிழமை இருக்கை மாறும். பலமானவளும் தாளம் வைக்க வேண்டும், மெலிந்தவளும் நடுவிலிருந்து வலிக்க வேண்டும். இதனால் தொடக்கத்தில் எல்லாப் போட்டியிலும் கடைசியாக வந்தார்கள். பின்னர் அப்படி வரவில்லை. தலைமயிரைப் பின்னி எப்படிக் கட்டினால் தொப்பி நிற்கும் என்பது முதல், "உன் தலையைத் தொட்டுப் பார்க்கலாமா" என்று கேட்பவருக்கு என்ன சொல்வது என்பது வரை அந்தப் படகில் படிப்பித்தார். அவர்கள் முதன்முறையாகப் போட்டிக்கு இறங்கிய நாளில் மச்சாள் எனக்குச் சொன்னது: "இண்டைக்கு ஒருத்தியும் தனியாத் தெரிய மாட்டாள், மச்சாள். பிழை விட்டால் விட்டுட்டுப் போகட்டும்."

ஆனால் ஒரு குறை இருந்தது. பிள்ளைகளை இருத்தி, மாற்றி, மோட்டார்ப் படகில் பக்கத்தில் போய்க் கத்திக் கத்திப் பழக்கியதில், அவர் கேட்ட இருக்கையில் அவர் ஒருநாளும் இருக்கவில்லை. நான் நினைவூட்டினால், "பேந்து பாப்பம்," என்பார். பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்கட்டும் என்பார். பேந்து, பேந்து என்று தள்ளிப்போட்டுக்கொண்டு இருக்கும்போதே மார்பில் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள்.

சத்திரசிகிச்சை, மருந்து, மறுபடியும் மருந்து. எங்களுக்கெல்லாம் பாரமான பொருட்களைத் தூக்கித் தந்த அந்த வலது கை வீங்கி, தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கவும் இடது கையின் உதவி தேவைப்பட்டது. ஒருநாள் அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு, "மோட்டார் பழுதாப் போச்சு, மச்சாள்," என்றார். அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அழுதார். நானும் அழுதேன். அவர் அழுது நான் கண்டது அன்று மட்டும்தான்.

கடந்த ஆண்டு, இதே குளிர்காலத்தில், இறுதி ஆசீர்வாதமாக அவஸ்தைப் பூசுதல் பெற்று, அண்ணனும் நயோமியும் அம்மாவும் பக்கத்திலிருக்க, மச்சாள் ஆண்டவரில் இளைப்பாறினார்.

இந்த ஒரு வருடத்தில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த மலரை மூட முடியாது. இரவும் பகலும் முகம் கோணாமல் பார்த்த தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், நேரம் பார்க்காமல் வந்து நற்கருணை தந்த பங்குச் சுவாமியாருக்கும், அடக்கத் திருப்பலியில் இந்த முறை போட்டிபோடாமல் சேர்ந்து பாடிய இரண்டு பாடகர் குழுக்களுக்கும் நன்றி. அண்ணனுடைய வேலை நேரத்தைத் தங்கள் தோளில் ஏற்றுக்கொண்ட தொழிற்சாலை நண்பர்களுக்கும், சொல்லாமலே வாசலில் பனி தள்ளிவிட்ட அயலவருக்கும் நன்றி. சோறு கறி அனுப்பிய உறவுகளுக்கும் நன்றி. உங்கள் பாத்திரங்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன, தயவுசெய்து வந்து எடுத்துச் செல்லுங்கள். மச்சாளைப் பெற்று எங்களுக்குத் தந்த அவருடைய தாயாருக்கு எந்தச் சொல்லும் போதாது. கழகத்தாரும் மலர்வளையம் அனுப்பினார்கள். அவர்களுக்கும் நன்றி. கழகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்பது மச்சாளின் விருப்பம்.

இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்வதற்கு, மச்சாள் இறப்பதற்கு முந்திய இலையுதிர் காலத்துக் காலையொன்றைச் சொல்ல வேண்டும்.

மச்சாளின் படகுப் பெண்களில் மூத்தவள் ஃபாத்து. அவளும் மற்ற ஆறு பேரும் ஒரு சனிக்கிழமை கர்க்லாண்டு வீட்டுக்கு வந்தார்கள். அம்மா பொரித்த ரோல்சும் தேத்தண்ணீரும் கொடுத்தார். சுற்றி வளைக்காமல் ஃபாத்து விசயத்துக்கு வந்தாள். புரோசார்ட் தமிழ்ப் பிள்ளைக்கு நாளைக்கு வர முடியாது, எட்டாவது ஆளில்லை, தாளம் வைக்கும் இருக்கை காலியாக இருக்கிறது, நீங்கள் வரவேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

மச்சாள் வீங்கிய கையைக் காட்டினார். "என்னாலே நீங்கள் எல்லாரும் மெதுவாகப் போக வேண்டி வரும்."

"அப்படியானால் மெதுவாகப் போவோம். தாளத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை என்று எங்களுக்குப் பழக்கியது நீங்கள்தானே. அது பொய்யா?"

மச்சாள் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அம்மாவைப் பார்த்தார். தண்ணீருக்குப் பயந்த எங்கள் அம்மா, மேசையில் சிந்தியிருந்த ரோல்ஸ் துகள்களைக் கூட்டி எடுத்துக்கொண்டே, "போயிட்டு வா பிள்ளை, நான் கரையிலை நிப்பன்," என்றார்.

அடுத்த நாள் விடியும்போது நாங்கள் தீவில் நின்றோம். மருந்தினால் முடி கொட்டிய தலையில் நீலச் சால்வை கட்டி, ஆறேழு கைகள் பிடித்து இறக்க, மச்சாள் அந்த இருக்கையில் அமர்ந்தார். சுக்கான் பிடித்தவள் நயோமி. சிறிய உடம்பும் பெரிய குரலும் உள்ளவள் என்பதால் அந்த வேலை எப்போதும் அவளுக்குத்தான். ஆகவே தாயும் மகளும் முகத்துக்கு முகம் பார்த்தபடி இருந்தார்கள்.

படகு நகர்ந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு பந்தயப் படகு போய் நான் கண்டதில்லை. ஒரு துடுப்பு வலித்து, ஒரு நீண்ட மூச்சு விட்டு, மறுபடி ஒன்று. பின்னாலிருந்த ஏழு பேரும் நல்ல பலசாலிகள். நினைத்திருந்தால் அந்தப் படகைப் பறக்க விட்டிருப்பார்கள். பக்கத்துத் தடத்தில் வேறொரு அணி சத்தமிட்டுக்கொண்டு அவர்களைக் கடந்து போனது. எங்கள் படகில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, யாருக்கும் மறைக்காமல் அழுதார்.

அந்தப் படகில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கரையில் நின்ற எங்களுக்குத் தெரியாது. அடக்கம் முடிந்த பிறகுதான் நயோமி எனக்குச் சொன்னாள். இத்தனை வருடமும் முன்னாலிருந்தவரின் முதுகையே பார்த்து வலித்தவர், அன்று மகளின் முகத்தையும் அவளுக்குப் பின்னால் விரிந்து கிடந்த தண்ணீரையும் பார்த்துக்கொண்டு வந்தாராம். பாதித் தூரம் போனதும் மூச்சு வாங்கியது. பின்னாலிருப்பவர்களுக்கு விளங்கக் கூடாது என்று, மகளிடம் தமிழில் கேட்டாராம்.

"என்னாலை திரும்பிப் பாக்கேலாது, பிள்ளை. பின்னுக்கு எல்லாரும் வரினமோ?"

நயோமி தாயின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். தாயின் துடுப்பு தண்ணீரைத் தொடும் வரைக்கும், ஏழு பேரும் தங்கள் துடுப்புகளைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"ஓம் அம்மா," என்றாளாம் நயோமி. "ஒருத்தரும் முந்தேல்லை. எல்லாரும் உங்களோடைதான் வரினம்."

அன்பு மச்சாள்,
ஜெசிந்தா